ஆறு இலக்கம்

இரவு இரண்டே முக்காலுக்கு
என் வீடு என்னைப் பார்த்து ஊளையிடத் தொடங்கியது.

கூரைப் பனி சரிந்து சமையலறை ஜன்னலில் விழுந்திருக்கிறது.
அவ்வளவுதான்.
வார்டோவில், ஜனவரியில்,
எதுதான் சரியவில்லை.

டோர்கெய்ரின் கோட்டை இரவுடை மேல் மாட்டிக்கொண்டு
கைபேசியைத் திறந்தேன்.
கடவுச்சொல் சரி:
அவனுடைய முதல் படகின் பெயர், பின்னால் நான் பிறந்த வருடம்.
எழுதிவிட்டேன், இனி மாற்ற வேண்டும்.

அடுத்த திரை மரியாதையாகக் கேட்டது:
நீங்கள் நீங்கள்தானா?
உறுதிசெய்ய ஓர் எண் அனுப்பியிருக்கிறோம்,
67 என்று முடியும் கைபேசிக்கு.

67 என்று முடியும் கைபேசி
பாரென்ட்ஸ் கடலில் இருக்கிறது.
காட் மீன் பிடிக்கும் கப்பலில், மேல் படுக்கையில்,
ஒரு கம்பளிக் காலுறைக்குள்.
எந்தக் கோபுரமும் அங்கே எட்டாது.
சனிக்கிழமை கப்பலின் செயற்கைக்கோள் போனில்
நாலு நிமிடம் பேசுவான்.
அதில் மூன்று நிமிடம் காற்றைப் பற்றி.

எண்ணின் ஆயுள் இரண்டு நிமிடம்.
மீண்டும் அனுப்பு.
மீண்டும் அனுப்பு.
எங்கோ பிறந்து எங்கோ செத்துக்கொண்டிருந்தன எண்கள்.

எதிர்வீட்டு ஓஸ்முண்ட் கதவைத் திறந்து
திருடனா என்றான்.
நான்தான் என்றேன்.

நிறுவனத்தை அழைத்தேன்.
தெற்கத்திக் குரல், சின்னப் பையன், நல்லவன்.
கணக்கின் உரிமையாளர் பேசினால்தான் முடியும்.
உரிமையாளர் கடலில்.
கரைக்கு வந்ததும் அழைக்கச் சொல்லுங்கள்.
அதுவரை இது கத்திக்கொண்டே இருக்குமா?
விசைப்பலகை தட்டும் ஓசை.
உங்கள் பெயரும் இருக்கிறதே, சுன்னிவா!
கண்டுபிடித்த சந்தோஷம் அவனுக்கு.
விருந்தாளி என்ற பிரிவில்.

பத்தொன்பது வருடம்.
இந்தச் சுவருக்கு மஞ்சள் அடித்தது நான்.
குழாய் உறைந்தால் ஹேர்டிரையரோடு மண்டியிடுவது நான்.
நிலவறைக்குப் போகும் படிகளில் எது முனகும் என்று
இருட்டிலும் என் குதிகாலுக்குத் தெரியும்.
விருந்தாளிக்குக் காபியாவது கொடுப்பார்கள்.

கருவி பொருத்த வந்தவன் எண் கேட்ட அன்று
நான் கேக் வெட்டிக்கொண்டிருந்தேன்.
டோர்கெய்ர் பதில் சொன்னான்.
வரலாறு இப்படித்தான் எழுதப்படுகிறது.

கடைசியில் ஏணி,
ஓஸ்முண்டின் குறடு, அவன் நெற்றி விளக்கு.
சிவப்புக் கம்பியா கறுப்பா என்று யோசிக்கவில்லை.
இரண்டையும் வெட்டினேன். பேட்டரியையும் பிடுங்கினேன்.
யாரோ உங்கள் சாதனத்தைச் சேதப்படுத்துகிறார்கள் என்று
நிறுவனம் உடனே எச்சரித்தது,
67க்கு.

பதினோரு நாள் கழித்து
கப்பல் முனையைத் திரும்பியது.
காலுறை துடிக்க ஆரம்பித்ததாம்,
தளத்தில் கொட்டிய மீன் மாதிரி.
இருபத்து மூன்று எண்கள், ஒன்றன்மேல் ஒன்று,
எல்லாம் பிணம்.

யார் வந்தது, உனக்கு என்ன ஆச்சு, எங்கே இருக்கிறாய்?
அந்தக் குரலைக் கேட்டு எத்தனை வருடம்!
காற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
பனி என்றேன்.
பனிக்கா இருபத்து மூன்று தடவை?
பதில் சொல்லவில்லை.
யாரிடமும் பகிர வேண்டாம் என்று போட்டிருக்கிறது என்றான்.
பிறகு ஒவ்வொன்றாகப் படித்தான்.
நான்கு, பூஜ்யம், எட்டு...
எதற்கும் உதவாத எண்களை
அடுப்பங்கரையில் நின்று
கடைசிவரை கேட்டேன்.

இரண்டு கைபேசிக்கும் அனுப்ப முடியுமா என்றால்
முடியாதாம். மாற்றிக்கொள்ளலாமாம்.
67 போய் 12 வந்தது. 12 நான்.

போன செவ்வாய் கிர்கெனெஸில் பல் மருத்துவரிடம் இருந்தேன்.
பாதி வாய் மரத்திருந்தது.
டோர்கெய்ர் அழைத்தான். பின்னால் ஊளை,
ஊளைக்கு மேலே ஓஸ்முண்டின் சிரிப்பு.
சீக்கிரம், அந்த எண்ணைச் சொல் என்றான்.

எண் என் உள்ளங்கையில்தான் இருந்தது.
மரத்த நாக்கைப் புரட்டி
முதலில் கேட்டேன்:
நீ நீதானா?

இன்னும் ஐம்பது வினாடி இருந்தது.